பச்சை விளக்கு எரிகிறது... நெட் ஏன் நகரவில்லை?

"நெட் ஸ்லோவா இருக்கு." வங்கிக் கிளை, மருத்துவமனை, கல்லூரி ஆய்வகம் என எங்கிருந்து புகார் வந்தாலும் இந்த மூன்று சொற்களைத் தாண்டி அதில் ஒன்றும் இருப்பதில்லை. அதன்பிறகு நடப்பதும் எங்கும் ஒரே மாதிரிதான். மோடத்தை அணைத்துப் போடுவார்கள். இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போகும். "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று பதில் வரும். ஒரு கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது ஸ்விட்சுக்கு கொட்டேஷன் கேட்பார்கள். இத்தனை அலைச்சலுக்கும் நடுவே, சுவரில் மாட்டிய ரேக்குக்குள் இருக்கும் அந்தப் பழைய ஸ்விட்ச், எந்த போர்ட்டில் என்ன கோளாறு, அது எத்தனை முறை நடந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

அதைப் பார்க்கத் தெரிந்தவர் கேபிளைத் தொடுவதற்கு முன்பே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். பார்க்காதவர் நல்ல பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்ட பொருளை அப்படியே விட்டுவிட்டுப் போவார். நம் அலுவலகங்களில் வருடாவருடம் இப்படிப் போகும் பணமும் நேரமும் கொஞ்சமல்ல.

முதலில், ஸ்விட்ச் எதை எண்ணுகிறது? கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல், கேபிளில் துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஃப்ரேம் என்று பெயர். ஈதர்நெட்டில் அதன் அளவு குறைந்தது 64 பைட், வழக்கமாக அதிகபட்சம் 1518 பைட். கடைசி 4 பைட்டில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அனுப்புகிற பக்கம், ஃப்ரேமில் உள்ள பிட்டுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு அந்த எண்ணை ஒட்டி அனுப்புகிறது. வாங்குகிற பக்கம் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறது. இதற்குத்தான் சிஆர்சி என்று பெயர். விடை ஒத்துப்போகவில்லை என்றால் வழியில் ஏதோ ஒரு பிட் சிதைந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது ஸ்விட்ச் என்ன செய்யும்? அந்த ஃப்ரேமைச் சரி செய்யாது. "திரும்ப அனுப்பு" என்று கேட்கவும் செய்யாது. குப்பையில் போட்டுவிட்டு, சிஆர்சி என்ற வரிக்கு எதிரே உள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டும். அவ்வளவுதான். ஃப்ரேம் தொலைந்ததற்கு அந்த இடத்தில் மிஞ்சும் தடயம் அந்த ஒரு எண் மட்டுமே. போர்ட்டின் பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும், ஏனென்றால் இரு முனைகளும் ஒன்றையொன்று உணர்கின்றன என்பதை மட்டுமே அந்த விளக்கு சொல்கிறது. போகிற தகவல் முழுசாகப் போகிறதா என்பது அதன் வேலையே இல்லை.

தொலைந்த துண்டை மறுபடி அனுப்பும் பொறுப்பு, மேலே இயங்கும் டிசிபி என்ற நெறிமுறையுடையது. அதற்கு ஒரு குணம் உண்டு: துண்டு தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இழப்புக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை மேத்யூ மேத்திஸும் அவருடைய கூட்டாளிகளும் 1997-ல் ஒரு எளிய சூத்திரமாக எழுதினார்கள். தகவல் போய்வர 20 மில்லி விநாடி ஆகும் தூரத்தில் சர்வர் இருக்கிறது. வழியில் நூற்றுக்கு ஒரு துண்டு தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூத்திரப்படி ஓர் இணைப்புக்குக் கிடைப்பது சுமார் 7 எம்பிபிஎஸ்தான். கேபிள் 1000 எம்பிபிஎஸ் தாங்கினாலும் அவ்வளவுதான். டிசிபியின் புதிய வகைகள் இதைவிடக் கொஞ்சம் சமாளிக்கும். ஆனாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

*பிங் போகிறது, படம் வரவில்லை*

ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். சிடி ஸ்கேன் அறையிலிருந்து வரும் படங்களை ரேடியாலஜி டாக்டர் தன் அறையில் ஒரு கம்ப்யூட்டரில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார். சிடி படத்தின் ஒரு வெட்டு 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். அதாவது சுமார் அரை எம்பி. ஒரு நோயாளிக்கு 500 வெட்டு என்றால் 250 எம்பி ஆகிவிடும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அரை நிமிடத்துக்குள் வந்து சேரவேண்டிய அளவுதான் இது. ஆனால் போன வாரம் பழைய ஸ்விட்ச் புகைந்து புதியதை மாட்டிய நாளிலிருந்து, ஒரு நோயாளியின் படங்கள் இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது. விபத்தில் தலையில் அடிபட்டு வந்தவரின் படத்துக்காக ஒரு டாக்டர் அப்படிக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ரேக் முன்னால் நிற்கும் டெக்னீஷியன், தலைமை அலுவலகத்தில் இருக்கும் நெட்வொர்க் இன்ஜினீயருக்கு போன் போடுகிறார்.

"சார், பிங் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட டிராப் ஆகல. லைட்டும் எரியுது. கேபிள் மாத்தியாச்சு. புது ஸ்விட்ச்சே ஃபால்ட்டா இருக்குமோன்னு தோணுது சார்."

"இருப்பா, எதையும் கழட்டாத. ஸ்விட்ச்சுக்குள்ள போயி 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்' அடி. டாக்டர் ரூம் போர்ட்டுக்கு நேரா டூப்ளெக்ஸ்ல என்ன போட்டிருக்கு?"

"ஏ-ஹாஃப், ஏ-100ன்னு இருக்கு சார்."

"சரி, கண்டுபிடிச்சாச்சு. இப்ப லேட் கொலிஷன் எவ்வளவுன்னு பாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாத்துச் சொல்லு."

முதலில் 2,114. ஐந்து நிமிடம் கழித்து 2,690. எண் ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இதற்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டூப்ளெக்ஸில் இரண்டு வகை. வாக்கி டாக்கி போல ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுவது ஹாஃப். போன் போல இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம் என்றால் அது ஃபுல். டாக்டரின் கம்ப்யூட்டரைப் பல வருடம் முன்பு நிறுவியவர், அதன் நெட்வொர்க் கார்டை "100, ஃபுல்" என்று கையால் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பழைய ஸ்விட்ச்சிலும் அந்த போர்ட் அப்படியே பூட்டப்பட்டிருந்தது. புதிய ஸ்விட்ச், கடையிலிருந்து வந்தபடி "ஆட்டோ"வில் இருக்கிறது. ஆட்டோ என்றால் இரு முனைகளும் "எனக்கு இதெல்லாம் முடியும், உனக்கு?" என்று பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும். பூட்டிவைத்த கார்டு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. ஸ்விட்ச் சமிக்ஞையைப் பார்த்து 100 என்ற வேகத்தைத் தானாகக் கண்டுகொள்கிறது. எதிர்ப்பக்கம் ஃபுல்லா ஹாஃபா என்பதைச் சமிக்ஞையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் ஹாஃப் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தரவிதி. அதைத்தான் ஸ்விட்ச் செய்திருக்கிறது. ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப்.

இப்போது ஸ்விட்ச் 1518 பைட் அளவுள்ள பெரிய ஃப்ரேமை டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பத் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் தன்னை ஃபுல் என்று நினைப்பதால், "வந்தது, வந்தது" என்ற ஒப்புகையை நடுவிலேயே அனுப்புகிறது. ஹாஃபில் இருக்கும் ஸ்விட்ச்சுக்கு அது மோதல். உடனே பாதியில் நிறுத்திவிடுகிறது. முதல் 64 பைட் போனதற்குப் பிறகு வரும் மோதல் என்பதால் லேட் கொலிஷன் என்று எண்ணிக்கொள்கிறது. முறையான ஈதர்நெட்டில் மோதல் வந்தால் அந்த 64 பைட்டுக்குள் தெரிந்துவிட வேண்டும். தாமதமாக வந்த மோதலில் போன ஃப்ரேமை ஸ்விட்ச் திரும்ப அனுப்பாது. டிசிபி காத்திருந்து கண்டுபிடித்து அனுப்பினால்தான் உண்டு. எதிர்முனையில் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது அறுந்த துண்டு. அங்கே சிஆர்சி பிழை ஏறும், 64 பைட்டுக்குக் குறைந்த துண்டுகளை எண்ணும் ரன்ட் என்ற கணக்கும் ஏறும்.

பிங் ஏன் நன்றாகப் போனது? பிங் ஒரு சின்ன ஃப்ரேமை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேச அங்கே வாய்ப்பே அமைவதில்லை. அதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை பேரை ஏமாற்றுகிறது. ஒரு பக்கம் லேட் கொலிஷன், மறுபக்கம் சிஆர்சி, இந்த ஜோடியைப் பார்த்துவிட்டால் டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுத்துவிடலாம். கார்டை ஆட்டோவுக்கு மாற்றியதும் படங்கள் பழையபடி இறங்கும். ஒரு பைசா செலவில்லை.

*மோதல் வழக்கமாக இருந்த காலம்*

ஈதர்நெட்டை 1973-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியபோது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. மோதல் அன்றாட நடப்பு. மோதினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு, 16 முறை முயன்றும் முடியவில்லை என்றால் கைவிடு என்பது விதி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி வழி கொடுக்கும் ஈதர்நெட் ஸ்விட்சை 1990-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற கலிஃபோர்னிய நிறுவனம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் அதை நிறுவியவர்களில் ஒருவர். சிஸ்கோ அதை 1994-ல் வாங்கிக்கொண்டது. இன்று ஃபுல் டூப்ளெக்ஸில் ஓடும் போர்ட்டில் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். இல்லை என்றால் உடனே கவனிக்க வேண்டும்.

"முக்கியமான போர்ட்டை எல்லாம் வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் கையால் பூட்டிவிடு" என்ற அறிவுரை 1990-களில் பிறந்தது. அன்றைய கார்டுகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1999-ல் வந்த செம்புக் கேபிள் கிகாபிட் தரமோ ஆட்டோவையே கட்டாயமாக்கிவிட்டது. அப்படியும் அந்தப் பழைய அறிவுரை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இரு முனையும் ஆட்டோ என்பதே இன்று சரியான வழி. பூட்டியே ஆகவேண்டிய பழைய கருவி இருந்தால் இரண்டு முனையையும் ஒரே மாதிரி பூட்டி, அதை ரேக்கில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். ஸ்விட்ச் மாற்ற வருகிறவருக்கு அந்தச் சீட்டு கிடைத்திருந்தால் மேலே சொன்ன கதையே நடந்திருக்காது.

*முதலில் ஸ்டேட்டஸ், பிறகு பிழை*

பிழைக் கணக்குக்குப் போகும் முன் ஸ்டேட்டஸ் என்ற ஒரே சொல்லைப் படித்தாலே பாதி வேலை முடியும். சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் "நாட் கனெக்ட்" என்றால் எதிர்முனையிலிருந்து சமிக்ஞையே வரவில்லை. கேபிள், வால் போர்ட், கம்ப்யூட்டர் என்று தேடலாம். "டிஸேபிள்டு" என்றால் நிர்வாகி யாரோ வேண்டுமென்றே மூடிவைத்திருக்கிறார். அங்கே பத்து கேபிள் மாற்றினாலும் பயனில்லை.

"எர்-டிஸேபிள்டு" என்பதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. ஆபத்து என்று கருதி ஸ்விட்ச்சே போர்ட்டை மூடிக்கொண்டது என்று அதற்குப் பொருள். மீட்டிங் அறையில் தொங்கும் கேபிளின் இரு முனைகளையும் யாரோ நல்லெண்ணத்தில் சுவரில் உள்ள இரண்டு போர்ட்டிலும் செருகிவிடுவார்கள். தகவல் சுற்றிச் சுற்றி ஓடும் வளையம் உருவாகும். பிபிடியு கார்டு என்ற பாதுகாப்பு போட்டிருந்தால் மொத்த அலுவலகமும் முடங்குமுன் ஸ்விட்ச் அந்த போர்ட்டை மூடிவிடும். அனுமதியில்லாத கம்ப்யூட்டரை மாட்டினாலோ, இணைப்பு விட்டு விட்டு வந்தாலோகூட மூடும். காரணம் ஸ்விட்ச்சின் லாகில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் போர்ட் திறக்கும், காரணம் அப்படியே இருப்பதால் மறுபடி மூடும், லாகில் இருந்த வரியும் பல நேரம் போய்விடும்.

பிழைக் கணக்கில் மறக்கவே கூடாத விஷயம் ஒன்று: சிஆர்சி பிழையை எண்ணுவது வாங்குகிற பக்கம். ஐந்தாம் போர்ட்டில் சிஆர்சி ஏறினால் ஐந்தாம் போர்ட்டே கெட்டது என்று அர்த்தமில்லை. அதற்குள் வந்து சேர்ந்தது கெட்டிருக்கிறது. அனுப்பிய கார்டு, நடுவில் உள்ள கேபிள், வாங்கும் போர்ட் என்று மூன்று இடங்களில் ஒன்றில்தான் பழுது. முதலில் பேட்ச் கார்டு என்ற சின்ன இணைப்புக் கேபிளை மாற்று, எண் ஓடுகிறதா பார். பிறகு போர்ட்டை மாற்று, எண் கூடவே வருகிறதா பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு போகலாம், எது கோளாறு என்பது கடைசிவரை தெரியாது.

டேட்டா சென்டர்களில் இந்தத் தேடல் இன்னும் கடினம். வேகத்துக்காக, ஃப்ரேமின் தலைப்பகுதியைப் பார்த்ததுமே அனுப்பத் தொடங்கிவிடும் ஸ்விட்ச்சுகள் அங்கே உண்டு. வால்பகுதியில் பிழை என்று தெரியும்போது ஃப்ரேமின் பெரும்பகுதி வெளியே போயிருக்கும். ஓரிடத்தில் சிதைந்த ஃப்ரேம் அது கடக்கும் எல்லா ஸ்விட்ச்சிலும் கணக்கில் ஏறும். ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் எந்த போர்ட் வழியாக உள்ளே வந்தது என்று பின்னோக்கிப் போய் முதல் போர்ட்டைப் பிடிக்க வேண்டும்.

*எட்டு விளக்கும் எரிந்த கேபிள்*

சிஆர்சிக்குக் காரணமாக நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிரிம்பிங், அதாவது கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் வேலை. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருப்பது, பக்கத்து ஜோடியின் சத்தம் உள்ளே கலக்காமல் இருப்பதற்காக. அந்த முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வழக்கத்தில் உள்ள பி வரிசைப்படி வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று அடுக்க வேண்டும். பச்சை ஜோடி மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் பிரிந்து உட்காருவதைக் கவனியுங்கள். அவசரத்தில் ஒருவர் ஜோடி ஜோடியாக நேர்வரிசையில் அடுக்கிவிடுகிறார்: வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சை. இரு முனையிலும் அதே மாதிரி. டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஏனென்றால் மூன்றிலிருந்து மூன்றுக்கும் ஆறிலிருந்து ஆறுக்கும் தொடர்ச்சி இருக்கிறது. ஆனால் ஸ்விட்ச் ஒரு ஜோடி என்று நம்பும் மூன்றும் ஆறும் இப்போது வெவ்வேறு ஜோடியின் கம்பிகள். முறுக்கின் பாதுகாப்பு போய்விட்டது. வேலை குறைவாக இருக்கும் காலையில் நன்றாக ஓடும். பாரம் ஏறும்போது சிஆர்சி ஏறும். எட்டு விளக்கு டெஸ்டர் இதைக் காட்டாது, ஸ்விட்ச்சின் கணக்கு காட்டும்.

வேகமும் ஒரு துப்புதான். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு பக்கமும் கிகாபிட் கருவியாக இருந்தும் ஸ்டேட்டஸில் 100 என்று வந்தால் நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக அமரவில்லை என்று முதலில் பார்க்கலாம்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிள் இன்னொரு தலைவலி. விலை மலிவு என்று வாங்கிவிடுகிறார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிடச் சுமார் 60 சதவீதம் அதிகம். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் போகும்போது கேபிள் சூடாகும், தூரத்துக் கேமரா விட்டு விட்டு வரும். ஈதர்நெட் கேபிள் தரங்கள் இதை ஏற்பதில்லை. வாங்கும்போதே ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபைபரில் வேறு விதம். சிங்கிள் மோட் இழையில் ஒளி போகும் மையப்பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். கனெக்டர் முனையில் ஒரு தூசு உட்கார்ந்தாலே ஒளி மங்கும். பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் வந்து சேரும் ஒளியின் அளவை டிபிஎம் கணக்கில் காட்டும். 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மாட்டிய அன்று என்ன அளவு இருந்தது என்று எழுதிவைத்திருந்தால் மட்டுமே இன்று குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். முனையைத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வெளிச்சம் வருகிறதா என்று கண்ணால் எட்டிப் பார்ப்பது பெரிய ஆபத்து. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

*பிழையே இல்லை, ஆனாலும் ஸ்லோ*

சிஆர்சி பூஜ்யம். மோதல் பூஜ்யம். அவுட்புட் டிராப் என்ற வரியில் மட்டும் எண் ஓடுகிறது. இங்கே கேபிள் குற்றமற்றது. வெளியே அனுப்ப வேண்டியது அதிகம், வழி குறுகல். வரிசையில் நிற்க இடமில்லாததை ஸ்விட்ச் கைவிடுகிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் 32 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்றால் மொத்தம் 128. அவை சேர்ந்து வெளியேறும் அப்லிங்க் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சில் இருக்கிறது. எத்தனை கேபிள் மாற்றினாலும் 128, 100-க்குள் அடங்காது. அப்லிங்கைக் கிகாபிட்டுக்கு மாற்றுவதோ கேமராக்களைப் பிரித்து மாட்டுவதோதான் வழி.

எந்த எண்ணையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிஆர்சி 5,000 என்பதைப் பார்த்துப் பதறுவார்கள். அது மூன்று வருடத்துக் கணக்காக இருக்கலாம். எப்போதோ ஒரு நாள் எலி கடித்த கேபிளை அன்றே மாற்றியிருப்பார்கள். பத்து நிமிடத்தில் 50 ஏறினால் அதுதான் இன்றைய பிரச்சினை. கணக்கு கடைசியாக எப்போது அழிக்கப்பட்டது என்பது அதே திரையில் இருக்கும். இப்போதைய எண்ணை மணியோடு எழுதிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்து, வித்தியாசத்தை எடுக்க வேண்டும். நல்ல செம்புக் கேபிளில் வாரக்கணக்கில் பூஜ்யமே நிற்கும்.

தானாகவே கண்காணிக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. பழைய வகை 32 பிட் கணக்கு 4,294,967,295 வரைதான் எண்ணும், அடுத்து பூஜ்யத்துக்குத் திரும்பும். முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் போர்ட்டில் பைட்டுகளை எண்ணினால் சுமார் 34 விநாடியில் அது நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் மென்பொருள் நடுவில் அது எத்தனை முறை சுற்றியது என்று அறியாமல் தப்பான வரைபடத்தை வரையும். 64 பிட் கணக்கைப் படிக்கச் சொல்லி அமைப்பை மாற்றினால் போதும்.

இந்தக் கணக்கெல்லாம் மேனேஜ்டு ஸ்விட்ச்சில்தான் கிடைக்கும். மலிவான எட்டு போர்ட் பெட்டிக்குள் நுழைந்து கேட்க வழியில்லை. ரிப்போர்ட்டுக்கு நோயாளி காத்திருக்கும் இடத்திலும், பணம் எண்ணும் கவுன்ட்டரிலும் அப்படிப்பட்ட பெட்டியை வைத்துச் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மேனேஜ்டு ஸ்விட்ச் இருக்கும் இடங்களிலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஏணியில் ஏறுகிறவர், சீலிங்குக்குள் கேபிள் இழுக்கிறவர், இரவு பத்து மணிக்கு ரேக் முன் நிற்கிறவர் யாரோ, அவரிடம் ஸ்விட்ச்சின் பாஸ்வேர்டு இருப்பதில்லை. பாஸ்வேர்டு வைத்திருப்பவர் வேறு ஊரில் இருக்கிறார், அவர் போனை எடுப்பதில்லை. கேபிளை மாற்றும் கைக்கு எண்ணைப் பார்க்கும் உரிமை கிடையாது. அதனால்தான் அவர் விளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரியாது என்று பழி சொல்வது நியாயமில்லை.

இதற்கு வழி ஸ்விட்ச்சிலேயே இருக்கிறது. சிஸ்கோ ஸ்விட்ச்சில் அனுமதி நிலை 0 முதல் 15 வரை. நிலை 1-ல் ஒரு பயனர் பெயர் உருவாக்கிக் கொடுத்தால் அவர் "ஷோ இன்டர்ஃபேஸஸ்" அடித்து ஸ்டேட்டஸையும் பிழைக் கணக்கையும் பார்க்கலாம். எந்த அமைப்பையும் மாற்ற முடியாது, கணக்கை அழிக்கவும் முடியாது. மற்ற கம்பெனிகளின் ஸ்விட்ச்சுகளிலும் பார்க்க மட்டுமான லாகின் வசதி பெரும்பாலும் உண்டு. ஐந்து நிமிட வேலை. அதோடு, சர்வீஸ் ரிப்போர்ட் படிவத்தில் இரண்டு கட்டம் சேருங்கள்: வேலைக்கு முன் எந்த போர்ட்டில் என்ன எண், எத்தனை மணிக்கு, வேலை முடிந்து பத்து நிமிடம் கழித்து அதே போர்ட்டில் என்ன எண். அந்த இரண்டு கட்டமும் நிரம்பாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.